கடவுளை நம்பாதவர் எழுதிய பக்திப் பாட்டு

இந்திப் பாடலாசிரியர் சாகிர் லூதியான்வி, 1921-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி பஞ்சாபில் உள்ள லூதியானாவில் பிறந்தார். இயற்பெயர் அப்துல் ஹயீ. தந்தை பெரிய ஜமீன்தார். தாயோ அந்தச் செல்வத்தை உதறிவிட்டு, மகனைக் கஷ்டப்பட்டு வளர்த்தார்.

1947-ல் நாடு பிரிந்தது. மதத்தின் பெயரால் பஞ்சாபில் ரத்த ஆறு ஓடியது. லாகூரில் இருந்த சாகிர் 1949-ல் இந்தியா வந்தார். பம்பாயில் சினிமாவுக்குப் பாட்டு எழுதினார்.

1959-ல் 'தூல் கா பூல்' படம் வந்தது. அதில், காட்டில் கைவிடப்பட்ட குழந்தையை ஒரு முஸ்லிம் பெரியவர் எடுத்து வளர்க்கிறார். ஊர் அவரை ஒதுக்குகிறது. பச்சைக் குழந்தைக்கும் மதம் பார்க்கும் கொடுமையை, அந்தப் பெரியவரின் பாட்டில் சாகிர் கண்டித்தார். முகமது ரபி அதை உருக்கமாகப் பாடினார்.

1964-ல் 'சித்ரலேகா' வந்தது. பாவம், புண்ணியம் என்று பேசி உலகை வெறுக்கும் துறவியை, ஒரு நாட்டியக்காரி பாட்டாலேயே கேள்வி கேட்டாள்.

சாகிருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் 1961-ல் 'ஹம் தோனோ' படத்துக்குப் பக்திப் பாட்டு எழுதினார். அல்லா, ஈசுவரன் இருவர் பெயரும் அதில் சேர்ந்தே வரும். லதா மங்கேஷ்கர் பாடினார்.

1971-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980 அக்டோபர் 25-ந் தேதி சாகிர் காலமானார். நம்பாதவர் எழுதிய அந்தப் பாட்டை, நம்புகிறவர்கள் இன்றும் பிரார்த்தனைக் கூட்டங்களில் பாடுகிறார்கள்.