வீட்டையும் கொடுத்த வள்ளல்

கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார்.

சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். குடியிருந்த மாளிகையையும் பெண்கள் கல்லூரிக்குத் தந்து விட்டார்.

நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. 1957-ல் அவர் மறைந்தார். அப்போது 48 வயதுகூட நிறையவில்லை.

இன்று அந்த நிலையத்தில், தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் வாயு எடுக்க நல்ல வழி தேடுகிறார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் புகை வராது, தண்ணீர்தான் வரும்.

தண்ணீரை எளிதில் பிரிக்க வினையூக்கி வேண்டும். இரிடியம் நல்ல வினையூக்கி. விலையோ மிக அதிகம். நிக்கல் ஆக்சைடு மலிவு. அதில் சிறிதளவு இரும்பு சேர்த்தால் வேகம் கூடும். மின்சாரச் செலவு குறையும்.

நம் பிள்ளைகளுக்குப் புகையில்லாத எரிபொருள் தேடும் இந்த வேலை, அழகப்பர் கொடுத்த நிலத்தில் நடக்கிறது.