ராமானுஜன் விட்டுப்போன ஒரு பூஜ்யம்

ரிசல்ட் வந்த அன்னைக்கு ஹாஸ்டல் எவ்வளவு அமைதியா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த அமைதி ராமானுஜனுக்கும் பழக்கம்தான். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல். இதெல்லாம் நீங்க படமாவே பார்த்திருப்பீங்க.

படத்தில் வராத ஒன்றைச் சொல்றேன். 1916-ல் ஒரு கட்டுரையில், முடிவில்லாத ஒரு பெருக்கலை விரித்து, அதில் வரும் எண்களை வரிசையாக எழுதினார்: 1, −24, 252, −1472, 4830, −6048... இவற்றுக்கு டவ் எண்கள் என்று பெயர். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்க. ஆறாவது வருதா? பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று ராமானுஜன் கணித்தார். அடுத்த வருஷமே மார்டெல் நிரூபித்துவிட்டார்.

பகா எண் இடங்களில் டவ் எவ்வளவு பெரிதாகலாம் என்றும் ஓர் எல்லை சொன்னார். அதை நிரூபிக்க 58 வருஷம் ஆச்சு. சமன்பாடுகள் தரும் வளைவுகளிலும் பரப்புகளிலும் புள்ளிகளை எண்ணும் வடிவியல் வளர வேண்டியிருந்தது. 1974-ல் டெலீன் முடித்தார். இன்றைய மாடுலர் ஃபார்ம் ஆராய்ச்சியின் பெரும்பகுதிக்கு வேர் இந்தக் கட்டுரையில் இருக்கிறது.

அதைப் பார்க்க ராமானுஜன் இல்லை. போர்க்கால லண்டனும் கேம்பிரிட்ஜும் குளிர். சைவச் சாப்பாடு கிடைப்பதே பாடு. 1917-ல் படுத்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1919-ல் ஊர் திரும்பி, படுக்கையிலும் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயசு 32.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். டவ் எண்களில் பூஜ்யம் எப்போதாவது வருமா? 1947-ல் லேமர் கேட்டார். இன்னும் பதில் இல்லை. இன்னைக்கு ராத்திரி பைத்தானில் பத்து வரி எழுதி நீங்களும் தேடலாம். பூஜ்யம் கண்ணில் படாது. ஆனா எத்தனை கோடி எண் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. அதுக்குப் பேனாவும் பேப்பரும்தான் வேணும்.