பட்டாம்பாக்கத்து ஓக்ஸ் ஐயர்

மலர்க் குழு நண்பர்கள் என்னை விடவில்லை. உங்க ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதணும் என்றார்கள். என் ஊர் மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே ரயில் நிற்கிற சின்ன ஊர். எனக்கு நினைவுக்கு வந்தவர் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர். பாதிரிமார்களை அந்தக் காலத்தில் ஐயர் என்றுதான் அழைப்பார்கள். இவர் ஓக்ஸ் ஐயர்.

கார்ல் ஓக்ஸ் ஜெர்மானியர். லைப்சிக் மிஷன் அனுப்ப, 1840களில் தமிழ்நாட்டுக்கு வந்தார். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய வேலையை அந்த மிஷன்தான் பிறகு ஏற்று நடத்தியது. தரங்கம்பாடிக் கோயிலிலேயே சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் ஆங்கிலத் திருச்சபையில் இந்த வழக்கம் கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சைப் பக்கத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சிலருக்கு லுத்தரன் மிஷன் இடம் கொடுத்தது.

லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரவுல் சாமானியர் அல்ல. திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். சாதி சமூகப் பழக்கம், நாளடைவில் தானாகத் தேய்ந்துபோகும், கட்டாயப்படுத்தினால் சபை உடைந்துபோகும் என்பது அவர் எண்ணம். ஓக்ஸ் இதை ஒப்பவில்லை. ஒரே பந்தியில் உட்காராதவர்கள் ஒரே சபை ஆவது எப்படி என்பது அவர் கேள்வி. வாதம் வளர்ந்தது. 1850களின் கடைசியில் மிஷனை விட்டே வெளியேறினார்.

அப்புறம் வந்த இடம்தான் நம்ம பட்டாம்பாக்கம். 1860களின் தொடக்கத்தில் இங்கே புதிதாக ஒரு சபையைத் தொடங்கி, அந்த இடத்துக்குப் பெத்தானியா என்று பேர் வைத்தார். வேதாகமத்தில் பெத்தானியா, இயேசு விருந்துக்கு உட்கார்ந்த ஊர். 1863 வாக்கில் டேனிஷ் மிஷனரிச் சங்கம் அவருக்குக் கை கொடுத்தது. அங்கிருந்து கிளைத்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஓக்ஸ் 1873-ல் காலமானார்.

அவர் போனதும் சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஊரில் பிறந்தவன் நான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் கட்டுமுன் பந்தியைச் சரிசெய்யணும் என்று ஒருவர் தன் வேலையையே உதறிவிட்டு எங்க ஊருக்கு வந்தார், அது உண்மை.

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நம்ம விடுதிச் சாப்பாட்டுக்கூடம் ஞாபகம் வருகிறது. முதல் வருஷம், ஒரு மதியம். சேரியிலிருந்து வந்த பையன் ஒருவன் எங்கள் வரிசையில் உட்கார்ந்தான். இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவன் விடுதியைக் காலி பண்ணிவிட்டான். அன்றைக்கு நானும் கிரவுல் கட்சிதான் போலிருக்கிறது: நாளடைவில் சரியாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, நாளடைவில் என்பது தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரணும்.

அந்த நண்பர் இந்தச் சந்திப்புக்கு வந்தால், மதிய விருந்தில் என் பக்கத்து இலை அவருக்குத்தான்.