டர்லோ ஓ'கரோலன்

டர்லோ ஓ'கரோலன் (1670 – மார்ச் 25, 1738) அயர்லாந்து நாட்டின் புகழ்பெற்ற ஹார்ப் இசைக் கலைஞரும் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ஆவார். ஹார்ப் என்பது யாழை ஒத்த நரம்பிசைக் கருவியாகும். பதினெட்டாம் அகவையில் பார்வையை இழந்த இவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று இசைத்து வாழ்ந்தார். இவர் இயற்றியனவாக 200க்கும் மேற்பட்ட மெட்டுகள் கிடைத்துள்ளன. கெல்டிக் இசை விழாக்களில் இம்மெட்டுகள் பரவலாக இசைக்கப்படுகின்றன. இவரைச் சிறப்பிக்கும் விழாக்களுள் இரண்டு, இவர் பிறந்த ஊரிலும் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு அருகிலும் நடத்தப்படுகின்றன.

இளமைக்காலம்

ஓ'கரோலன் மீத் கவுண்டியில் உள்ள நாபர் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். இவருக்கு ஏறத்தாழ 14 அகவையானபோது குடும்பம் ரோஸ்காமன் கவுண்டிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு இவருடைய தந்தை மெக்டெர்மட் ரோ குடும்பத்தினரிடம் பணியில் சேர்ந்தார். சிறுவனின் அறிவுத்திறனைக் கண்ட திருமதி மெக்டெர்மட் ரோ அவருக்குக் கல்வி அளித்தார். பதினெட்டாம் அகவையில் பெரியம்மை நோயால் ஓ'கரோலன் பார்வையை இழந்தார். பார்வையற்றோர் ஹார்ப் இசையைத் தொழிலாகக் கொள்வது அக்கால அயர்லாந்தில் வழக்கமாக இருந்தது. அதன்படி இவரும் ஓர் ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் பயின்றார். பயிற்சி முடிந்ததும் திருமதி மெக்டெர்மட் ரோ இவருக்கு ஒரு குதிரையையும் வழிகாட்டி ஒருவரையும் அளித்து அனுப்பினார்.

இசைப்பணி

வயது முதிர்ந்த பின் ஹார்ப் கற்றதால் இவருடைய வாசிப்புத்திறன் மிகச் சிறந்ததாகக் கருதப்படவில்லை. லீட்ரிம் கவுண்டியைச் சேர்ந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவர், வாசிப்பதுடன் நில்லாது புதிய பாடல்களை இயற்றுமாறு இவரைத் தூண்டினார். இரு குன்றுகளில் வாழ்ந்த தேவதைகளின் போரைப் பற்றிய "ஷீ பெக் ஷீ மோர்" இவ்வாறு பிறந்தது. இதுவே இவருடைய முதல் படைப்பு என்பர்.

கத்தோலிக்கர்களின் உரிமைகளைப் பறித்த தண்டனைச் சட்டங்கள் அயர்லாந்தில் நடைமுறையில் இருந்த காலம் அது. ஆயினும் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து குடும்பங்கள் ஆகிய இரு தரப்பினரும் ஓ'கரோலனை வரவேற்றனர். தம்மை ஆதரித்த புரவலர்களின் பெயரிலேயே இவர் பல மெட்டுகளை அமைத்தார். பெரும்பாலும் மெட்டை முதலில் அமைத்து, பின்னர் அதற்கு ஐரிஷ் மொழியில் சொற்களைச் சேர்ப்பது இவர் வழக்கம். அயர்லாந்தின் மரபிசையோடு கொரெல்லி முதலிய இத்தாலிய இசையமைப்பாளர்களின் செல்வாக்கும் இவர் படைப்புகளில் காணப்படுகிறது.

மேரி மகுவையர் என்பவரை மணந்த ஓ'கரோலன், லீட்ரிம் கவுண்டியின் மோகில் ஊருக்கு அருகில் குடியிருந்தார். இவர்களுக்கு ஆறு பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். மேரி 1733இல் இறந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், நோயுற்ற ஓ'கரோலன் தம் முதல் புரவலரான திருமதி மெக்டெர்மட் ரோவின் ஆல்டர்ஃபோர்டு மாளிகைக்குத் திரும்பி அங்கேயே காலமானார். கில்ரோனன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெல்பாஸ்ட் ஹார்ப் விழா, 1792

ஓ'கரோலனின் மெட்டுகள் சில அவர் வாழ்நாளிலேயே டப்ளினில் அச்சேறின. எனினும் பல, வாய்வழியாகவும் செவிவழியாகவுமே நிலவின. அழிந்து வந்த ஹார்ப் மரபைக் காக்க 1792 சூலையில் பெல்பாஸ்ட் நகரில் ஒரு விழா கூட்டப்பட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த பத்துக் கலைஞர்களும் வேல்சைச் சேர்ந்த ஒருவரும் வாசித்தனர். பத்தொன்பது அகவை இளைஞரான எட்வர்டு பண்டிங் அவ்விசையைக் குறித்துக்கொள்ளப் பணிக்கப்பட்டார். பின்னர் அவர் அவற்றைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

உலோக நரம்புகளை நீண்ட விரல் நகங்களால் மீட்டும் பழைய முறையை அவ்விழாவில் அறிந்திருந்தவர் முதியவரான டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே. இளமையில் ஓ'கரோலனுடன் பழகியிருந்தும், அவருடைய படைப்புகளை வாசிப்பதில் ஹெம்ப்சன் விருப்பம் கொள்ளவில்லை. அதனினும் பழைய இசையையே விரும்பினார். எனவே ஓ'கரோலனின் மெட்டுகள் பெரும்பாலும் ஒற்றை வரி மெட்டாக மட்டுமே எஞ்சின. அவற்றுக்கு அவர் இடக்கையால் என்ன துணையிசை வாசித்தார் என்பது பதிவாகவில்லை. இன்று கேட்கும் ஒவ்வொரு துணையிசையும் பிற்காலக் கலைஞர்களின் ஆக்கமே.

1958இல் டோனல் ஓ'சல்லிவன் எழுதிய விரிவான ஆய்வுநூல் இம்மெட்டுகளைத் திரட்டித் தந்தது. 1960களில் ஷான் ஓ ரியாடா, சீஃப்டன்ஸ் குழுவினர் ஆகியோர் இவற்றைப் பரவலாக்கினர்.

நினைவு விழாக்கள்

இவருடைய கல்லறைக்கு அருகிலுள்ள கீடூ சிற்றூரில் 1978ஆம் ஆண்டு முதல் ஓ'கரோலன் விழா கோடைக்காலத்தில் நடத்தப்பட்டு வந்துள்ளது. இசைக் கச்சேரிகளுடன் கோடைப் பள்ளியும் ஹார்ப் போட்டியும் இதன் சிறப்புகள். பிறந்த ஊரான நாபரின் விழா அக்டோபர் மாதத் தொடக்கத்தில், ஒரு வார இறுதியை ஒட்டி நடப்பது. இசையைக் கற்க விரும்புவோருக்குக் கீடூ விழாவும், குறுகிய பயணத்தில் கேட்டு மகிழ விரும்புவோருக்கு டப்ளினுக்கு அண்மையிலுள்ள நாபர் விழாவும் பொருத்தமானவை.

தற்கால ஹார்ப் கருவிகளில் பெரும்பாலும் நைலான் அல்லது குடல் நரம்புகள் பூட்டப்பட்டு, விரல் நுனியால் மீட்டப்படுகின்றன. ஓ'கரோலன் கேட்ட ஒலிக்கு நெருங்கியதைக் கேட்க விரும்புவோர், உலோக நரம்பு ஹார்ப் நிகழ்ச்சிநிரலில் உள்ளதா என்று பார்த்து விழாவைத் தேர்ந்தெடுக்கலாம்.