ஏரிக்கரையில் ஒரு வாழ்நாள்

ஐப்பசி மழையில் நம் ஏரிகள் நிரம்பத் தொடங்கியதும், அழையா விருந்தாளிகளாய்ப் புதிய பறவைகள் வந்து இறங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் எனப் பலவும் இமயத்திற்கு அப்பால், பனி உறையும் நிலங்களிலிருந்து வருபவை. வெயில் ஏறத் தொடங்கியதும் வந்த வழியே திரும்பிவிடுபவை. இவை எங்கிருந்து வருகின்றன, சென்ற ஆண்டு வந்த பறவையே இவ்வாண்டும் வருகிறதா என்ற கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்தவர் டாக்டர் சலீம் அலி. பறவை மனிதர் என்று பாடநூல்களில் நாம் படித்த அப்பெரியவரை ஒரு குளிர்கால ஏரியின் கரையில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் என் ஆசை.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வீட்டின் கடைக்குட்டி. மூன்று வயது நிறையும் காலத்திற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். வேட்டையில் ஆர்வம் மிகுந்த வீடு அது. சிறுவன் கையிலும் ஒரு பொம்மைத் துப்பாக்கி இருந்தது. பத்து வயதளவில் அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் தென்பட்டது. அது என்ன குருவி என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அதை எடுத்துச் சென்றார். அவர் குருவியை இனங்கண்டு சொன்னதோடு, சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் சிறுவனுக்குக் காட்டினார். அன்று திறந்த கதவு பின்னர் மூடவே இல்லை.

ஆனால் வாழ்க்கை அவருக்கு எளிதாக வழிவிடவில்லை. பர்மாவின் தாவாய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். கணக்குப் புத்தகத்தைவிடக் காட்டையே அவர் கண்கள் நாடின. ஊர் திரும்பிக் கல்லூரியில் விலங்கியல் படித்தாரெனினும் பட்டம் பெறவில்லை. பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியும் கிட்டவில்லை. பட்டத்தையே குறியாகக் கொண்டு படிக்கும் நாம் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி இது. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க உரையாளராகச் சேர்ந்தார். பின்னர் ஜெர்மனி சென்று பெர்லினில் பேராசிரியர் ஸ்டிரெஸ்மனிடம் பறவையியலை முறையாகப் பயின்றார். ஹெலிகோலந்து தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் கலையையும் அப்போது கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, நிதி இல்லை என்று சொல்லி அவர் வகித்த பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலையற்ற அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி தெஹ்மினா. நகர வாழ்வின் வசதிகளில் வளர்ந்த அவ்வம்மையார், கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் கணவருடன் குடிபெயர்ந்தார். அங்கேதான் தூக்கணாங்குருவிகளின் குடும்ப வாழ்வைப் பற்றிய சலீம் அலியின் புகழ்பெற்ற ஆய்வு பிறந்தது. பின்னர் ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணிகளை அவர் மேற்கொண்டார். கூடாரங்களிலும் மாட்டு வண்டிகளிலும் கழிந்த அந்த ஆண்டுகளில் தெஹ்மினாவும் உடன் இருந்தார். 1939இல் அவர் மறைந்தார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளில், 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது.

இனி அந்த ஏரிக்கு வருவோம். இராஜஸ்தானத்தில் பரத்பூர் நகரை அடுத்துள்ளது கேவலாதேவ். சிவன் கோயில் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்தத் தாழ்நிலத்தில் கரைகள் அமைத்து, நீரைத் தேக்கி, மன்னர்கள் வாத்து வேட்டைக்களமாக்கினர். எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்ற கணக்கைக் கல்லிலும் பொறித்து வைத்தனர். அக்கணக்கின்படி, வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் மடிந்தவை 4,273. அந்த நாள் 1938 நவம்பர் 12. சலீம் அலிக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்த நாளும் அதுவே!

விடுதலைக்குப் பின் அந்த ஏரிக்கு வேறொரு சோதனை வந்தது. நீரை வடித்துவிட்டு நிலத்தை விளைநிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. பசித்த நாட்டில் அக்குரலைத் தவறென்று எளிதில் தள்ளிவிட முடியாது. சலீம் அலி பிரதமர் நேருவின் கவனத்திற்கு இதனைக் கொண்டு சென்றார். ஏரி பிழைத்தது. அதே கரையில் சலீம் அலியும் சங்கத்து ஆய்வாளர்களும் வலை விரித்தனர். 1957இல் மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் புதிய காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. உருசிய நாட்டு நோய் ஒன்றை அது ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் கொண்டு வந்ததோ என்ற ஐயம் எழுந்தது. அதனை ஆராய உலக நலவாழ்வு நிறுவனம் உதவ, ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. பம்பாய்ச் சங்கத்திற்குத் தகவல் தரும்படி பொறித்த அச்சிறு வளையங்களைத் தாங்கிய பரத்பூர் வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன. நம் கோடியக்கரையும் இவ்வளையப் பணியில் சிறப்பிடம் பெற்றது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

பெரியோரின் கருத்தும் சோதிக்கப்பட வேண்டியதே என்பதற்கும் பரத்பூரே சான்று. எருமைகள் மேய்வது ஏரிக்குக் கேடு என்று சலீம் அலியும் அவரைச் சார்ந்த அறிஞர்களும் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் எதிர்த்தனர்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. ஆனால் நடந்தது என்ன? மேய்வாரற்றுப் போன நீர்ப்புல் தழைத்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. இதை ஆண்டுக்கணக்கில் அளந்து வெளியிட்டது சலீம் அலியின் சொந்தச் சங்கமே. ஆசானின் கருத்தை ஆசான் கற்பித்த முறையே திருத்தியது. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடச் சிறந்த புகழ் உண்டா என்று நான் எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் அந்த உண்மையைக் காத்திருந்து காணாமல் அவசரப்பட்டதன் விலையை எளிய மக்கள் கொடுத்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் இணைந்து சலீம் அலி எழுதிய இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கேவலாதேவ் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் அவ்வாண்டிலேயே. 1987இல், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பறவையியல் ஆய்வு மையம் 1990இல் கோவையில் தொடங்கப்பட்டது.

அவர் காக்க முயன்ற எல்லாம் எஞ்சிவிடவில்லை. 1960களில் பரத்பூருக்கு இருநூறு அளவில் வந்த சைபீரியக் கொக்குகள் படிப்படியாகக் குறைந்தன. 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற்குப் பின் ஒன்றுகூட அங்கு வரவில்லை. இருநூறு என்று முன்பு எண்ணி வைத்தவர்கள் இருந்ததால்தான் இந்த இழப்பே நமக்குத் தெரிகிறது. எண்ணப்படாத ஏரியில் இழப்புக்குச் சாட்சி இல்லை.

இந்த எண்ணமே என்னைச் சில ஆண்டுகளாக மார்கழி, தை மாதக் காலைகளில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு இழுத்துச் செல்கிறது. பெயர் தெரிந்த பறவைகளை எண்ணுகிறேன். தெரியாதவற்றின் அலகு, கால், வால் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து நூலகத்தில் தேடுகிறேன். துணி வெளுப்போரும் மாடு மேய்ப்போரும், எந்த மூலையில் எந்தப் பறவை தங்கும் என்பதை எனக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன்.

நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் ஏதேனும் ஓர் ஏரியையோ குளத்தையோ கடந்துதான் வருகிறோம். ஆளுக்கு ஒரு நீர்நிலை, அதற்கு ஒரு நோட்டு, மாதம் இருமுறை ஒரு மணி நேரம் என்று முயன்றால் மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் மூன்று குளிர்காலங்களின் கணக்கு நம் கையில் இருக்கும். அந்நோட்டுகளை விலங்கியல் துறையில் சேர்த்து வைத்தால் நமக்குப் பின் வருவோர் தொடர்ந்து எழுதுவார்கள். நாளை நம் ஏரியைத் தூர்க்கலாமா, காக்கலாமா என்ற கேள்வி எழும்போது, ஊர் எடுத்துக் காட்டுவதற்கு அந்த நோட்டுகள் வேண்டும்.