குளியல் தொட்டியையே ஆபீஸாக்கிய புரட்சியாளர்... மாராவை முடக்கிய தோல் நோய் எது?

1793 ஜூலை 13, பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சியின் அனல் பறக்கும் பத்திரிகையாளர் ழான் பால் மாரா, குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ரகசியத் தகவல் இருப்பதாகச் சொல்லி உள்ளே வந்த 24 வயது சார்லோட் கோர்டே, அவர் நெஞ்சில் கத்தியைப் பாய்ச்சினார்.

கோர்டே முதலில் போட்ட திட்டமே வேற. மக்கள் பிரதிநிதிகள் சபையில், எல்லோர் கண்முன்னாலும் கொல்லத்தான் நினைத்தார். ஆனால் மாரா அங்கே வருவதையே நிறுத்தியிருந்தார். காரணம், தோல் நோய்.

1743-ல், இன்றைய சுவிட்சர்லாந்தில் பிறந்த மாரா ஒரு டாக்டர். லண்டனில் வைத்தியம் பார்த்தவர். பிரெஞ்சு மன்னரின் தம்பியுடைய காவல்படைக்கும் மருத்துவராக இருந்தார். 1789-ல் ‘மக்களின் நண்பன்’ பத்திரிகையைத் தொடங்கிய பிறகு, கைதுக்குத் தப்பி அடிக்கடி தலைமறைவானார். சாக்கடையில் பதுங்கியதால்தான் நோய் ஒட்டிக்கொண்டது என்ற கதை இன்னமும் சுற்றுகிறது.

அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு! தண்ணீருக்குள் இருந்தால்தான் கொஞ்சம் ஆறுதல். தொட்டியின் குறுக்கே பலகை போட்டு எழுதுவார்; தலையில் வினிகரில் நனைத்த துணி. ஊரார் நோயைத் தீர்க்கப் படித்தவருக்குத் தன் நோய் பிடிபடவில்லை. இதில், ஓவியர் ழாக் லூயி டாவிட் வரைந்த புகழ்பெற்ற படத்தில் மாராவின் தோல் மாசுமருவில்லாமல் இருப்பதுதான் வேடிக்கை.

அவர் ரத்தம் படிந்த செய்தித்தாளைத் தங்கை பத்திரப்படுத்தினார். அதிலிருந்த மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மலசீசியா ரெஸ்ட்ரிக்டா என்ற பூஞ்சையைக் கண்டு 2020-ல் வெளியிட்டார்கள். சிபிலிஸ், தொழுநோய், சொறிக்கான தடயம் கிடைக்கவில்லை. செபோரிக் டெர்மடைடிஸ் ஆக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. அடித்துச் சொல்ல முடியாது. இந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் இருப்பதுதான்.

பொடுகு இந்த நோயின் லேசான வடிவம். முற்றினால் புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால், நெஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கான மஞ்சள் செதில்கள் வரும். கருத்த தோலில் சிவப்புக்குப் பதிலா வெளிறிய திட்டாகவும் தெரியலாம். முழங்கை, முழங்காலில் தடித்த வெள்ளிச் செதில் என்றால் அது சோரியாசிஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே அழுக்கால் வருவதில்லை, தொட்டால் ஒட்டாது.

செபோரிக் டெர்மடைடிஸ் திரும்பத் திரும்ப வரும். ஆனா கட்டுக்குள் வைக்கலாம். கீட்டோகோனசோல் ஷாம்பு, க்ரீம் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. வீக்கம் அதிகமானால் டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் லேசான ஸ்டீராய்டு க்ரீம் தருவார். அதையே மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும்.