எழுத்துக்காக உயில் எழுதியவர்

1856ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்த ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவை நாடகாசிரியராகவே நம் மாணவர் அறிவர். 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனார், ஆங்கில எழுத்துமுறையோடு நெடுங்காலம் வழக்காடியவர் என்பதையும் நாம் அறிதல் நலம்.

நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளை 26 எழுத்துகள் சுமக்கும் மொழி ஆங்கிலம். 'இனஃப்' என்பதன் ஈற்றிலுள்ள ஜி, எச். 'விமன்' என்பதன் ஓ. 'நேஷன்' என்பதன் டி, ஐ ஆகியவற்றைச் சேர்த்தால் மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' ஆகிவிடும் என்பது பழைய கேலி. இதனை ஷாவின் கூற்றென்பர். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டின் கடிதமொன்றிலேயே அது காணப்படுகிறது! ஆயினும் அக்கேலி சுட்டும் குழப்பத்தை அவர் பொறுத்தாரல்லர். ஒலியாத எழுத்துகளை எழுதி மனித உழைப்பு வீணாகிறது என்பதே அவர் கணக்கு. எழுத்துப்பிழையால் மதிப்பெண் இழந்த மாணவர்க்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை. தாமோ பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதி, செயலாளரைக் கொண்டு தட்டச்சிடச் செய்தார்.

1950 நவம்பரில், 94ஆம் வயதில் மறைந்த ஷா, குறைந்தது 40 எழுத்துகளைக் கொண்ட புதிய நெடுங்கணக்கை உருவாக்க உயிலில் பொருள் ஒதுக்கியிருந்தார். 1957இல் நீதிமன்றம் அவ்வேற்பாடு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டால் 8,300 பவுன் மட்டும் கிடைத்தது. போட்டியொன்றன் வழியே தெரிந்தெடுத்த கிங்ஸ்லி ரீடின் வடிவத்தைக் கொண்டு உருவான எழுத்தில், ஷாவின் 'ஆண்ட்ரக்ளீசும் சிங்கமும்' நாடகம் 1962இல் அச்சேறியது. படிப்போர் தடுமாறாதிருக்க, எதிர்ப்பக்கத்தில் பழைய எழுத்தையே துணைக்கு வைத்திருந்தனர்.